கொட்டகை டி.வி.யில் படம் நின்ற நாள்

அத்தியாயம் ஒன்பது

கண்ணாயி கொண்டுவந்தது ஒரு சின்னச் சீசா எண்ணெய்.

காலைப் பனி இன்னும் களத்தை விட்டுப் போயிருக்கவில்லை. காப்பிப் பழத்தின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைக் கலாவதி ஒரு ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தாள். பழம் பறிக்க வருகிற கண்ணாயி கூடையைத் தோளில் போட்டபடி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மடியிலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தாள்.

"வேப்பெண்ணெயில மஞ்சளைப் போட்டுக் காய்ச்சினது, கண்ணு. உங்க அத்தைக்குப் போட்டு உடு. முதுகுப் புண்ணு காஞ்சு போச்சு. இடுப்புக்குக் கீழ இருக்கறதுதான் இன்னும் ஈரமாவே கெடக்குது."

கலாவதி சீசாவை வாங்கிக்கொண்டாள். சரிங்கக்கா என்றாள். கண்ணாயி செடிகளுக்குள் இறங்கிப் போனாள்.

அப்புறம்தான் கலாவதிக்கு உறைத்தது.

இடுப்புக்குக் கீழே புண் வந்தது போன வாரம். அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். புருஷன் சின்னையனிடம்கூட வாயால் சொன்னதோடு சரி. டவுனிலிருந்து டாக்டர் வந்துபோன நாளில் அந்தப் புண்ணே கிடையாது. கண்ணாயி வீட்டுப் பக்கம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

மாமியார் மாதம்மாள் கட்டிலில் விழுந்து இது மூன்றாவது மாதம். பழப் பறிப்பு தொடங்கிய சமயத்தில், தோட்டத்திலேயே, கூடையோடு சாய்ந்தாள். வலது பக்கம் முழுசாகப் போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நெடுநேரம் விட்டு வரும். ஆனால் கண்ணும் காதும் புத்தியும் முன்பு இருந்த மாதிரியே இருந்தன. தலைச்சோலை ஊரில் மாதம்மாள் என்றால் நிமிர்ந்த நடை. இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றெடுத்தவள். வேற்று மனுஷி தன் உடம்பைத் தொடுவதா என்று நர்சம்மாவைத் திருப்பி அனுப்பியவள்.

களம் வீட்டுக்குக் கீழே இருந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். பழம் காயப்போட்ட நாட்களில் களத்தை விட்டு நகர முடியாது. வெயில் ஏறினால் திருப்பிப் போட வேண்டும், பனி இறங்கினால் மூட வேண்டும். மாதம்மாளையும் தனியே விட முடியாது. இரண்டு முறை கட்டிலிலிருந்து சரிந்திருக்கிறாள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற கொழுந்தன் முனியப்பன் விடுப்பில் வந்தபோது அந்தக் கேமராவைக் கொண்டுவந்தான். கூடவே ஒரு சின்னப் பெட்டி. கேமரா பிடிப்பதைப் பெட்டி காற்றில் அனுப்பும். களத்துக் கொட்டகையில் பழைய டி.வி. ஒன்று இருந்தது. அதில் குமிழைத் திருகினால் மாதம்மாளின் கட்டில் தெரியும்.

மாதம்மாள் ஒப்பவில்லை. முனியப்பன் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் கலாவதிதான் கட்டிலில் உட்கார்ந்து அவள் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் உங்க பையனும் தவிர வேற ஒரு கண்ணு படாதுங்க அத்தை என்று சொன்னாள். மாதம்மாள் அந்தக் கையை ஒரு தரம் அழுத்தினாள். அதுதான் சம்மதம்.

கலாவதி சீசாவைக் கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டுச் செடிகளுக்குள் இறங்கினாள். கண்ணாயியின் எதிரில் போய் நின்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

கண்ணாயி முதலில் மழுப்பினாள். ஊரில் பேசிக்கொண்டார்கள் என்றாள். யார் பேசினார்கள் என்று கலாவதி கேட்டதும் பறித்த பழத்தைக் கூடைக்குள் தட்டிக்கொண்டே நின்றாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"உங்க ஊடு எங்க டி.வி.யில வருது, சாமி. தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்களாட்டன்னு நெனச்சிருந்தேன்."

கலாவதி திரும்பி, மேட்டில் மர உச்சியில் நின்ற ஏரியலைப் பார்த்தாள்.

அவள் பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள். ஒரே கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் விளங்காமல் இருந்ததுதான் விளங்கவில்லை.

கேமரா வைத்த முதல் இரண்டு நாள் கொட்டகையில் படம் சரியாக வரவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி புள்ளியாக அடித்தது. இந்த மலையில் டி.வி. வைத்திருக்கிற எவரும் என்ன செய்வாரோ அதைத்தான் சின்னையனும் செய்தான். படம் புள்ளி அடித்தால் ஏரியலை உசத்து. வீட்டுக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் மூங்கிலைக் கட்டினான். பழைய ஏரியலை அதில் பூட்டி, பெட்டியிலிருந்து ஒயரை மேலே இழுத்தான். கலாவதி கொட்டகைக்கும் மேட்டுக்குமாக ஓடி ஓடி படம் வந்துருச்சா இல்லையா என்பதைக் கத்திச் சொன்னாள். கடைசியில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அத்தையின் கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் பெருமை.

டி.வி. பார்ப்பவர் வீட்டு ஏரியல் படத்தை வாங்குகிற ஏரியல். இவர்கள் கட்டியது கொடுக்கிற ஏரியல். அதை மர உச்சியில் ஏற்றினால் அது கொட்டகைக்கு மட்டுமா கொடுக்கும்? எதிர்ச் சரிவு முழுக்கக் கொடுக்கும். டவுனில்தான் கேபிள் வந்திருந்தது. தலைச்சோலையில் டி.வி. உள்ள எல்லா வீட்டுக் கூரையிலும் ஏரியல் நின்றது. பாதிப் பேர் சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர் வேறு வைத்திருந்தார்கள்.

இதை அவள் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதியும் இருக்கிறாள்.

காட்டுங்கக்கா என்றாள்.

கண்ணாயியின் வீடு ரோட்டு வளைவுக்குக் கீழே. உள்ளே இருட்டாக இருந்தது. கண்ணாயி டி.வி.யைப் போட்டுக் குமிழை மெல்லத் திருகினாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

மாதம்மாள் வந்தாள்.

கட்டிலில் கிடந்தாள். முழங்காலுக்கு மேல் சேலை விலகியிருந்தது. உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. கொட்டகையில் இருக்கும்போது கலாவதி டி.வி.யைத் திரும்பிப் பார்ப்பாள். கட்டிலில்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பழத்தைத் தள்ளப் போய்விடுவாள். ஒரே இடத்தில் நின்று பார்த்தது இல்லை. இப்போது அடுத்தவர் வீட்டில் நின்று பார்த்தாள். வெளியே ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். மாதம்மாளின் இடது கை மேலே எழுந்து போய்த் தலைமயிரை ஒதுக்கியது. கண் வாசலுக்குப் போயிற்று. யாரும் வரவில்லை. கை திரும்பி வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதேபோல.

காலையிலிருந்து இப்படித்தான் செய்துகொண்டிருப்பாள் போலிருக்கிறது.

"குளிக்க வெக்கறதை நான் பாக்கமாட்டேன், கண்ணு. சத்தியமா. அப்ப டி.வி.யை அமத்திருவேன்," என்றாள் கண்ணாயி.

அமத்துகிறவள் புண்ணை எங்கே பார்த்தாள் என்று கலாவதி கேட்கவில்லை.

கேட்காமலே கண்ணாயி மற்றதைச் சொன்னாள். மேலத் தெருவில் நான்கு வீட்டில் வருகிறதாம். சில வீட்டில் மத்தியானம் படம் தொடங்கும்வரை இதை ஓடவிட்டு வைப்பார்களாம். பழனியம்மாள், மருமகள் என்றால் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தன் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவாளாம். அந்த மருமகள் கலாவதியைத் தினமும் திட்டுகிறாளாம். சொல்லிவிட்டுக் கண்ணாயி சிரிக்கப் பார்த்தாள். கலாவதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னாள். எதிர்ச் சரிவில் ஐயாக்கண்ணு வீட்டில்தான் எல்லாரையும்விடத் தெளிவாக வருகிறதாம்.

ஐயாக்கண்ணு மாதம்மாளின் கூடப் பிறந்த அண்ணன். அப்பன் வைத்த ஆரஞ்சுத் தோட்டத்தைத் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எஸ்டேட்டுக்கு விற்றவர். அன்றைக்கு மாதம்மாள் அவர் வீட்டுக்கு நேரே போய், இனி என் வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தாள். கலாவதி இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கும் முன்னால் நடந்தது அது. அவர் மிதிக்கவில்லை. தங்கை விழுந்த செய்தி கேட்டும் வரவில்லை. மாதம்மாளும் சொல்லி அனுப்ப விடவில்லை. நான் இப்படிக் கிடப்பதை அவன் பார்க்கக் கூடாது என்பதை, பேச்சு திரும்பிய முதல் வாரத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

"நாற்காலியைப் போட்டுக் காலையில உக்காருவாராம். சோறுகூட அங்கயேதானாம். நீ தண்ணியும் துணியும் கொண்டாந்தீன்னா எந்திரிச்சு வெளிய போயிருவாராம். அவரு சம்சாரம் அத்தாயி வந்து முடிஞ்சுதுன்னு கூப்பிட்டப்பறம்தான் உள்ள வருவாராம்," என்றாள் கண்ணாயி.

கலாவதி மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்தாள். மாதம்மாளின் கை தலைக்குப் போயிற்று. கலாவதி அவளைப் பார்க்காமல் நேரே பெட்டியிடம் போய் ஒயரைப் பிடுங்கினாள். கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு ஈயை விரட்டினாள். சேலையை இழுத்துவிட்டாள்.

சின்னையன் பத்து மணி பஸ்ஸில் ஏற்காட்டிலிருந்து வந்தான். அவனைக் களத்தில் நிறுத்திச் சொன்னாள். அவன் பாதியிலேயே மறித்தான். என்ன செய்தோம் என்று கேட்டான். நாம்தானே கட்டினோம் என்று கேட்டான். அப்புறம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கோபத்தைப் பிடித்துக்கொண்டான். கோபம்தான் அவனுக்கு எளிதாக இருந்தது.

ரோட்டு வளைவில் கண்ணாயியின் புருஷன் சின்னத்தம்பியை மறித்து நின்று சத்தம் போட்டான். பெத்தவள் படுத்துக் கிடப்பதை வேடிக்கை பார்க்கிறீர்களே, இது மனுஷன் செய்கிற வேலையா என்று கேட்டான். சின்னத்தம்பி பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"நாங்க உங்க ஊட்டுச் சன்னலை எட்டிப் பாத்தமா, சின்னையா? படம் பாக்கலாம்னு குமிழைத் திருப்புனா உங்க ஊடுதான் எங்க ஊட்டுக்குள்ள வந்து நிக்குது. வந்தவங்களைத் தொரத்தி உடறதா?"

அங்கே நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். சின்னையன் திரும்பி நடந்தான். வீட்டுக்குப் பின்னால் போய், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சில்வர் ஓக் மரத்தில் ஏறினான்.

ஏரியல் கீழே வந்ததும் கலாவதி அதை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். இனிக் காற்றில் அனுப்ப வேண்டாம் என்றாள். கேமராவிலிருந்து கொட்டகைவரை ஒயரே இழுத்துவிடலாம். ஒயரில் போகிற படம் ஒயர் முடிகிற இடத்தில் முடிந்துவிடும். நடுவில் யாரும் பிடிக்க முடியாது. சின்னையன் தலையாட்டினான். நாளைக்கே டவுனில் போய் வாங்கி வருகிறேன் என்றான். பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அத்தையிடம் சொல்லப் போகிறேன் என்று கலாவதி சொன்னாள்.

"ஏனுங்க, என்னத்தைச் சொல்லி என்ன ஆவப் போவுதுன்னு பாக்கறீங்களா?" என்று அவளே கேட்டாள்.

"அதான் அமத்தியாச்சல்ல. தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும் உடு."

"நான் கையில அடிச்சாப்பல சொன்னேனுங்க. அவங்க நம்பித்தான் படுத்திருந்தாங்க."

சின்னையன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

கலாவதி கட்டிலில் உட்கார்ந்து மாதம்மாளின் இடது கையை எடுத்துக்கொண்டாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெட்டி நம் கொட்டகைக்கு மட்டும் அனுப்பவில்லை, பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கிறது, எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது, அமத்திவிட்டோம், ஏரியலையும் கழற்றியாகிவிட்டது என்று சொன்னாள். தப்பு எங்களுடையது என்றாள்.

மாதம்மாள் கூரையைப் பார்த்தாள். கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. கலாவதி துடைக்கப் போனபோது தலையை நகர்த்திக்கொண்டாள்.

"ஆரு... ஆரு?"

கலாவதி சொன்னாள். கண்ணாயி. பழனியம்மாள். மேலத் தெரு வீடுகள். ஒவ்வொரு பெயருக்கும் மாதம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். முடிந்தது என்று கலாவதி நிறுத்தினாள்.

"அண்ணன்?"

கலாவதி அந்தக் கையைப் பார்த்தாள். காப்பிக் கறை இன்னும் நகத்தை விட்டுப் போகாத கை.

"இல்லீங்க, அத்தை. அவங்க ஊட்டுக்குப் போகலீங்க."

மாதம்மாள் மூச்சை விட்டாள். கை தளர்ந்தது. அந்தக் கை தளர்ந்த விதத்தைப் பார்த்து, சொன்னது சரிதான் என்று கலாவதி நினைத்துக்கொண்டாள். கண்ணாயி கொடுத்த எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் புண்ணுக்குப் போட்டாள். கஞ்சி கொடுத்தாள். மாதம்மாள் நான்கு வாய் குடித்தாள்.

களத்துப் பழத்தை அன்றைக்குச் சின்னையன் தனியாகத் தள்ளினான். கலாவதி கட்டிலை விட்டு எழவில்லை.

பனி மறுபடி இறங்கத் தொடங்கிய வேளையில் அவள் தண்ணீர் எடுக்க வாசலுக்கு வந்தாள். எதிர்ச் சரிவில் ஐயாக்கண்ணுவின் ஓட்டு வீடு மங்கலாகத் தெரிந்தது. கூரை மேல் ஒரு ஆள் நின்றிருந்தார். ஏரியல் கம்பத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். நிறுத்தினார். அந்தப் பக்கம் திருப்பினார். கீழே யாரோ உள்ளிருந்து சொல்வதைக் கேட்பவர் போலக் குனிந்தார். மறுபடி திருப்பினார். வயசான ஆளின் திருப்பல். அவசரம் இருந்தது, பலம் இல்லை.

கலாவதி குடத்தோடு நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பனி அந்த வீட்டை மூடிவிட்டது.

அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் சின்னையனை ஓடவிட்டுச் சொல்லியனுப்பியிருப்பாள்.

இருட்டும் நேரத்தில் அடுத்த குடம் எடுக்க வந்தபோது அத்தாயியின் குரல்தான் முதலில் கேட்டது. பாதையின் வளைவில், மரங்களுக்கு நடுவில், ஆள் தெரிவதற்கு முன்பே எழுந்தது. அழுகுரல். வெறும் அழுகை இல்லை. இழவு வீட்டு வாசலை நெருங்கும்போது பெண்கள் எடுக்கிற அழுகை. பொறந்த ஊட்டை மறந்து போயிட்டியா, எஞ்சாமி, சொல்லாமப் போயிட்டியா என்று நீட்டி நீட்டி வந்தது.

கலாவதி குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் ஓடினாள். அதற்குள் மாதம்மாளின் கண் வாசலில் நின்றது.

"அண்ணி... கொரலு."

"ஆமாங்க, அத்தை."

களத்திலிருந்து சின்னையன் ஓடி வருவது கேட்டது. யாரையோ தடுத்து ஏதோ சொன்னான். அத்தாயியின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

திறந்த கதவுக்கு நேரே, படிக்குக் கீழே, ஐயாக்கண்ணு வந்து நின்றார். செருப்பு இல்லை. மேல்துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. இரண்டு கையையும் நீட்டி அதன் மேல் மடிப்புக் கலையாத புதுப் புடவை ஒன்றை ஏந்தியிருந்தார். தங்கை செத்தால் கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய கோடி. தலைச்சோலையில் துணிக்கடை கிடையாது. கூரையை விட்டு இறங்கி வருகிற இந்த நேரத்துக்குள் டவுனுக்குப் போய் வரவும் முடியாது. எப்போதோ வாங்கி வீட்டில் வைத்திருந்திருக்கிறார்.

அவர் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்த கண்கள் அவரைப் பார்த்தன. புடவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார்.

"கோடி," என்றாள் மாதம்மாள்.

பிறகு அவள் கண் மெல்ல மேலே போயிற்று. சுவரில் இருந்த கேமராவுக்கு. விளக்கு அணைந்து கிடந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. திரும்பிக் கலாவதியிடம் வந்தது.

"பொட்டி... நின்னுது. வந்துட்டான்."

கலாவதி கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீன்னு... சொன்னியே."

குளிக்க வைக்கிற நேரத்தில் அவர் எழுந்து வெளியே போய்விடுவாராம் அத்தை, கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வருவாராம் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. இனி அதைச் சொன்னாலும் அத்தை நம்ப வேண்டும் என்று என்ன இருக்கிறது?

மாதம்மாளின் கை அவள் கைக்குள்ளிருந்து நழுவத் தொடங்கியது. பலம் இல்லாத கை. ஒவ்வொரு விரலாகத்தான் எடுக்க முடிந்தது. கலாவதி கொஞ்சம் இறுக்கினால் போதும், நின்றுவிடும். அவள் இறுக்கவில்லை.

விடுபட்ட கையால் மாதம்மாள் போர்வையைப் பிடித்துக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் ஐயாக்கண்ணு புடவையோடு நின்றுகொண்டே இருந்தார். படியை மிதிக்கவில்லை. வா என்றும் போ என்றும் உள்ளேயிருந்து யாரும் சொல்லவில்லை.